ஒன்பதுக்கு ஏழு

பதவி உயர்வுப் பட்டியல் வெளியாகும் நாளில் ராணுவக் குடியிருப்பில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம். தேர்வானவருக்குப் போன் அடிக்கும். தேறாதவருக்கு அடிக்காது. பத்து மணிக்குத் தலைமையகத்தில் கையெழுத்தானால், பத்தே காலுக்குள் யாருடைய மேசையில் மணி அடிக்கிறது, யாருடைய மேசை செத்துக் கிடக்கிறது என்று வாசல் காவலாளிக்குக்கூடத் தெரிந்துவிடும். அவர் அடிக்கிற சல்யூட்டின் விறைப்பை வைத்தே ஒருவர் தன் தலையெழுத்தைப் படித்துக்கொள்ளலாம்.

அன்று மதியம் வரை நெட்டையின் மேசைப் போன் ஒரே ஒரு முறைதான் அடித்தது. பாய்ந்து எடுத்தார். டயர் கிடங்கிலிருந்து பேசினார்கள். எண்பது டயர் வந்திருக்கிறது, எந்தக் கொட்டகையில் இறக்குவது என்று கேட்டார்கள்.

"மூணாவதுல இறக்குங்க," என்றார். அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

நெட்டை என்பது பயிற்சிப் பள்ளியில் ஒட்டிய பெயர். ஆறடி மூன்றங்குல ஆளுக்கு வேறென்ன பெயர் ஒட்டும்? இருபது வருஷமாகக் கூடவே வருகிறது. பதவி லெப்டினன்ட் கர்னல். ராணுவ லாரிகளைப் பழுது பார்த்து அனுப்பும் பெரிய பணிமனை ஒன்றில் இரண்டாவது அதிகாரி. முதல் அதிகாரி கர்னல். அந்தக் கர்னல் நாற்காலி எட்டடி தூரத்தில், ஒரே ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் கிடந்தது. எட்டடியைக் கடக்க ஐந்து வருஷமாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தார் மனுஷன்.

பன்னிரண்டரைக்கு எழுத்தர் தேநீர் கொண்டுவந்தார். வழக்கமாகக் கோப்பையை வைத்துவிட்டு நாலு வார்த்தை வம்பு பேசாமல் போகமாட்டார். அன்று குனிந்த தலை நிமிரவில்லை. சத்தம் வராமல் கோப்பையை வைத்தார், சத்தம் வராமல் கதவைச் சாத்தினார். துக்க வீட்டில்தான் இப்படி நடந்துகொள்வார்கள். அப்போதுதான் நெட்டைக்கு முழுசாக உறைத்தது.

ராணுவ ஏணியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு நாற்காலிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றும். லெப்டினன்ட் கர்னல் வரைக்கும் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். தப்புத்தண்டா இல்லாமல் வருஷத்தைத் தள்ளினால் பதவி தானாகத் தோளில் ஏறும். அதற்கு மேலேதான் வினை. முப்பத்தொரு பேர் காத்திருப்பார்கள், ஆறு நாற்காலி இருக்கும். தேர்வுக் குழு உட்காரும். பெயரை மறைத்து எண் ஒட்டிய கோப்பு அவர்கள் முன்னால் வரும். உள்ளே இருப்பது வருஷா வருஷம் மேலதிகாரி எழுதிய ரகசிய அறிக்கை. ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு சின்னக் கட்டம். அதில் ஒன்று முதல் ஒன்பது வரை ஓர் எண்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விதிப் புத்தகத்தில் ஏழுக்கு நேரே "மிக நன்று" என்றுதான் அச்சடித்திருக்கும். ஆனால் எல்லோரும் எல்லோருக்கும் ஒன்பதை வாரி வழங்கிப் பழகிவிட்டதால், எட்டு வாங்கியவனைப் பார்த்தால் எதையோ உடைத்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைப்பார்கள். ஏழு என்றால் ஆளை முடித்தாயிற்று என்று அர்த்தம். இன்னொரு கூத்தும் உண்டு. மேலதிகாரி எழுதிய வாசகத்தை அதிகாரியிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். கட்டமும் எண்ணும் இருக்கும் கடைசிப் பக்கத்தைக் காட்டமாட்டார்கள்.

ஒருவருடைய கோப்பு மூன்று முறைதான் குழுவின் முன் போகும். நெட்டைக்கு இது மூன்றாவது. இனி ஓய்வு பெறும் வரை இதே பதவி, அதே எட்டடி. தேறிய ஆறு பேரில் ஒருவர் நெட்டையின் கீழ் லாரி அணி நடத்தக் கற்றுக்கொண்டவர், "சார் சார்" என்று பின்னாலேயே வந்தவர். இனி அவரைப் பார்த்தால் நெட்டைதான் முதலில் கையைத் தூக்கவேண்டும்.

வீட்டுக்குப் போனபோது மனைவி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய போனும் அடித்திருக்காது. தொப்பியை வாங்கி ஆணியில் மாட்டினாள்.

கூடத்தில் மாமனார் செய்தித்தாளை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற கர்னல். எழுபதை நெருங்குகிறவர். நெட்டை கேப்டனாக இருந்த காலத்தில் அவருடைய படைப்பிரிவுக்குத் தலைவராக இருந்தவரும் அவர்தான். "யோவ் நெட்டை, தலையை நிமித்துய்யா" என்று மைதானம் அதிரக் கத்திக்கொண்டிருந்தவர், சம்பந்தம் பேசி முடித்த மறுநாள் காலையில் "வாங்க மாப்பிள்ளை" ஆகிவிட்டார். பாதிப் படைப்பிரிவு அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாசம் சிரித்தது. மாமியார் போன பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார்.

"வாங்க மாப்பிள்ளை," என்றார். பிறகு முகத்தைப் பார்த்தார். மடித்த செய்தித்தாளை விரித்து, மறுபடி மடித்தார்.

"வரல மாமா."

"மூணாவதா?"

"மூணாவதுதான்."

பெரியவர் எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். எதையோ சொல்ல வாயெடுத்து, "சாப்பிடுங்க முதல்ல," என்றார்.

யார் செய்த வேலை இது என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கரடி.

கரடி என்பவர் ஒன்பது வருஷத்துக்கு முன் நெட்டைக்கு மேலதிகாரியாக இருந்த பிரிகேடியர். கழுத்து வரை ரோமம், வாயைத் திறந்தால் உறுமல். ஒரு வெள்ளத்தின்போது இருபத்திரண்டு லாரிகளை ஒரு பழைய பாலத்தின் மேல் ஓட்டிப் போகச் சொன்னார். நெட்டை இறங்கிப் போய்த் தூண்களைப் பார்த்துவிட்டு, முடியாது என்று வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டார். மொத்த அணியும் கேட்டுக்கொண்டிருக்க, "கோழை" என்று கரடி கத்தினார். இருபத்திரண்டு லாரியும் சுற்று வழியில் ஒன்பது மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. பாலமாவது விழுந்திருந்தால் நெட்டைக்கு நியாயம் கிடைத்திருக்கும். பாழாய்ப்போன பாலம் விழவே இல்லை. இன்றைக்கும் நின்றுகொண்டிருக்கிறது.

அந்த வருஷ அறிக்கையில் கரடி எழுதிய வாசகத்தில் நெட்டை கையெழுத்துப் போட்டிருக்கிறார். "வாதம் செய்பவர். மேலதிகாரியிடம் எதிர்த்துப் பேசத் தயங்காதவர்." இரண்டே வரி. அப்படி எழுதியவர் கட்டத்தில் என்ன போட்டிருப்பார் என்று கேட்க ஜோசியரா வேண்டும்? மனைவி அன்றிலிருந்து கடைத்தெருவில் கரடியின் வீட்டம்மாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வேண்டாத சோப்பையெல்லாம் எடுத்து விலை பார்ப்பாள்.

மூன்று பார்வையும் முடிந்தவருக்கு ஒரு வழி பாக்கி உண்டு. புகார் எழுதலாம். ஓர் அறிக்கை அநியாயமாக எழுதப்பட்டது என்று நிரூபணமானால் அதைக் கோப்பிலிருந்து நீக்கிவிட்டு, குழு இன்னொரு முறை பார்க்கும். நெட்டை பதினாலு பக்கம் எழுதினார். பாலத்தின் தூண் விரிசல் வரைக்கும் படம் போட்டு விளக்கினார். மாமனார் எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தார். ஒரு பக்கத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்தபடியே இருந்தார்; என்ன மாமா என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார்.

நாலு மாசம் கழித்து பதில் வந்தது. ஒரே ஒரு பக்கம். "குறிப்பிட்ட அறிக்கை பரிசீலிக்கப்பட்டது. அதில் அதிகாரிக்குப் பாதகமாக ஏதுமில்லை. புகார் தள்ளுபடி செய்யப்படுகிறது."

பாதகமாக ஏதுமில்லையா! நெட்டைக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. தலைமையகத்தின் பதவி உயர்வுப் பிரிவில் அவருடைய பயிற்சிக்கால நண்பர் ஒருவர் இருந்தார், சோடாபுட்டி. கண்ணாடியைக் கழற்றினால் தன் கையையே தேடுகிறவர். ஆனால் கோப்புகளில் அவர் கண்ணுக்குத் தப்பிய எண் கிடையாது. நெட்டை ரயிலேறிப் போய், மதியச் சாப்பாட்டு வேளையில் அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் சிற்றுண்டிச் சாலையில் அவரைப் பிடித்தார்.

"கரடிக்கு எத்தனை பேருடா அங்க கூஜா தூக்குறீங்க?"

சோடாபுட்டி தட்டைத் தள்ளி வைத்தார். சுற்றிலும் பார்த்தார். "டேய், நான் சொன்னேன்னு தெரிஞ்சா என் தொப்பி போயிடும். வாயை மூடிக்கிட்டுக் கேளு. உன் கோப்புலயே பெஸ்ட் அறிக்கை கரடி எழுதுனதுதான்."

"என்ன உளர்ற?"

"ஒம்பது. கட்டத்துல ஒம்பது. உனக்குக் காட்டாத பக்கத்துல என்ன எழுதியிருக்காரு தெரியுமா? 'என் கட்டளையைவிடத் தன் ஆட்களின் உயிரைப் பெரிதாக நினைத்தவர். இவரை உடனே உயர்த்துங்கள்.' எனக்கே படிச்சதும் புல்லரிச்சுது. நீ என்னடான்னா அந்த ஆளைப் போயி பதினாலு பக்கம் கிழிச்சிருக்க. அவரு அதைப் படிச்சாரு. 'வாதம் செய்பவர்னு எழுதினேனே, சரியாத்தான் எழுதியிருக்கேன்'னு சொல்லிட்டுச் சிரிச்சாராம்."

நெட்டை பேயறைந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒன்பது வருஷம் ஊட்டி வளர்த்த கோபம்! அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

"அப்போ என் கோப்புல பழுதே இல்லையா?"

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"ஒரே ஒரு ஏழு இருக்கு. கேப்டன் காலத்துல. வருஷத்தை நீயே பார்த்துக்க. உனக்குக் கல்யாணம் ஆன வருஷம்டா."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. அந்த வருஷம் நெட்டைக்கு அறிக்கை எழுதியவர் ஒரே ஆள். அந்த வாசகம் அவருக்கு மனப்பாடம். "அபூர்வமான அதிகாரி. இவரைப் போல ஒருவரை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை." கையெழுத்துப் போடும்போது கண் கலங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதை எழுதிய கை, அதே பேனாவால், அடுத்த பக்கத்தில் ஏழு என்று போட்டிருக்கிறது. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் இப்போது நெட்டையின் வீட்டுக் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார்.

ரயிலில் வரும்போது தப்பாக இருக்கும், சோடாபுட்டிக்குக் கண் தெரியவில்லை என்று தனக்குத் தானே நூறு முறை சொல்லிக்கொண்டார். வீட்டுக்குள் நுழைந்ததும் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. மனைவி சமையலறையில் இருந்தாள். பெரியவர் மேசையில் பேத்தியின் பென்சில்களைச் சீவி வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, எனக்கு ஏழு போட்டீங்களா?"

பென்சில் சீவுவது நின்றது. அறிக்கையைப் பற்றிப் பேசக்கூடாது என்பது விதி. ஓய்வு பெற்றாலும் விதி விதிதான் என்று வாழ்க்கை முழுக்கச் சொன்ன மனுஷர். அவர் மறுப்பார், அல்லது விதியைச் சொல்வார் என்று நெட்டை எதிர்பார்த்தார்.

"போட்டேன்," என்றார் பெரியவர்.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

"ஏன்?"

"அந்த வாரம்தான் மனசுக்குள்ள முடிவு பண்ணியிருந்தேன், பொண்ணை உங்களுக்குக் குடுக்கிறதுன்னு. யார்கிட்டயும் வாயைத் திறக்கல. அறிக்கை எழுதி அனுப்பி நாலு நாள் கழிச்சுத்தான் உங்க அப்பாகிட்ட வந்து பேசினேன். ஒம்பது போட்டுட்டு மறுவாரமே மாப்பிள்ளை ஆக்கிக்கிட்டா ஊரு என்ன சொல்லும்? தானாடாட்டாலும் தன் சதை ஆடும்னு சொல்லும். பென்சில்ல எட்டு போட்டுப் பார்த்தேன். எட்டும் அதிகமாத் தெரிஞ்சுது."

"வேற யாரையாவது எழுதச் சொல்லியிருக்கலாமே மாமா!"

"அப்போ காரணம் கேப்பாங்க. சம்பந்தம் கூடாமப் போனா பொண்ணு பேரு அடிபடும்." பெரியவர் பென்சில் சீவல்களை உள்ளங்கையில் கூட்டினார். "எங்க காலத்துல ஏழு ஒண்ணும் மோசம் இல்ல, மாப்பிள்ளை. மிக நன்றுன்னுதான் அர்த்தம். எல்லாரும் ஒம்பது ஒம்பதுன்னு அள்ளி விடுவாங்கன்னு நான் கண்டேனா? உங்களுக்கு முதல் தடவை தவறினப்பவே எனக்குச் சுருக்குன்னுச்சு. ரெண்டாவது தடவை தூங்கல. கரடிதான் காரணம்னு நீங்க சொன்னப்ப... அது கரடியாவே இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டேன்."

மனைவி வாசலில் வந்து நின்றிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. "அப்பா," என்றாள். உள்ளே போய்விட்டாள். அடுப்பில் எதுவோ கருகும் வாசனை வந்தது. யாரும் போய் அணைக்கவில்லை.

மூன்று நாள் அந்த வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. உப்பு, செய்தித்தாள், பேத்தியின் பள்ளி வண்டி. நெட்டை அவர் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டு எழுந்தார். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது, இனி யாரிடம் போய்ச் சொல்வது? அமைச்சகத்துக்கு ஒரே ஒரு மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அந்த ஏழில் விதிப்படி குற்றம் இல்லை. எழுதிய அன்று அவர்கள் இருவரும் உறவுக்காரர்கள் இல்லை.

நாலாம் நாள் காலையில் பெரியவர் ஒரு தாளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். அவருடைய நிமிர்ந்த கையெழுத்து. கீழே பதவி, பழைய எண், தேதி.

நெட்டை படித்தார். "அறிக்கை எழுதுவதற்குப் பத்து நாட்கள் முன்பே என் மகளுக்கும் இந்த அதிகாரிக்கும் திருமணம் நிச்சயமாகியிருந்தது. உறவினருக்கு அறிக்கை எழுதக்கூடாது என்பது தெரிந்தும் அதை மறைத்து எழுதினேன்." இந்தக் கடிதம் போனால் அந்த அறிக்கை செல்லாது. ஏழு காணாமல் போகும்.

"இது பொய்யி, மாமா."

"ஏழுன்னு போட்டதுதான் பொய். நீங்க ஒம்பதுக்கு உரிய ஆளு. தெரிஞ்சே மாத்திப் போட்டேன். இது அதுக்குத் திருத்தம்னு வெச்சுக்குங்க."

நெட்டை தாளைத் திரும்பவும் படித்தார். இந்த மனுஷர், இரண்டு நிமிஷம் தாமதமாக வந்ததற்குத் தன்மேலேயே தண்டனை எழுதிக்கொண்டவர். பொய் சொல்கிறவனோடு ஒரே மேசையில் உட்காரமாட்டேன் என்று அதிகாரிகளின் சாப்பாட்டுக்கூடமான மெஸ்ஸிலிருந்து எழுந்து போனவர். அவருடைய கையெழுத்தில் முழுப் பொய்.

அன்று மாலை மனைவி சொன்னாள். "அனுப்பாதீங்க. அவரு மேல எனக்கும் கோவம்தான். ஆனா அவருக்குன்னு இருக்கிறது அந்தப் பேரு ஒண்ணுதாங்க."

"எனக்குன்னு என்ன இருக்கு?" என்றார் நெட்டை. அனுப்பிவிட்டார்.

விசாரணைக்கு இருவரையும் கூப்பிட்டார்கள். நீளமான அறை, பச்சைத் துணி விரித்த மேசை, மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்த பிரிகேடியருக்குப் பெரியவரின் மகன் வயசு இருக்கும். பெரியவர் கோட்டு போட்டு, பதக்கங்களை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். நாற்காலியைக் காட்டினார்கள். உட்காரவில்லை.

"தெரிஞ்சேதான் மறைச்சீங்களா?"

"ஆமா."

"அப்படின்னா அந்தப் பதினாறு வருஷத்துக்கு முந்தின அறிக்கையில உறவு எதுவும் இல்லைன்னு நீங்க போட்ட உறுதிமொழிக் கையெழுத்து?"

"பொய்க் கையெழுத்து."

குரல் பிசிறவில்லை. மைதானத்தில் கேட்ட அதே குரல். நெட்டை ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இப்போது எழுந்து நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று தோன்றியது. அந்த எட்டடியும் தோன்றியது. எழுந்திருக்கவில்லை.

அறிக்கை நீக்கப்பட்டது. பெரியவருக்கு ராணுவத்தின் கடும் அதிருப்தியைத் தெரிவித்துக் கடிதம் வந்தது. அதோடு விட்டிருக்கலாம். படைப்பிரிவின் மெஸ்ஸில் முன்னாள் தலைவர்களின் படங்களை வரிசையாக மாட்டி வைப்பது வழக்கம். அடுத்த வாரம் பார்சலில் அவருடைய படம் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. பெரியவர் கயிற்றை அவிழ்த்து, காகிதத்தைப் பிரித்து, மீசை கறுப்பாக இருந்த தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஃபிரேம் நல்ல மரம். பேத்தி படத்தைப் போட்டுக்கலாம்," என்றார். மகள் அழுதுகொண்டே எழுந்து போனாள்.

நெட்டையால் அந்தப் படத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு மூலையில் நாளை எண்ணிக்கொண்டிருந்தார். குழு இன்னொரு முறை உட்காரப் போகிறது. ஏழு இல்லாத கோப்பு. கர்னல் ஆகிவிட்டால் எல்லாவற்றுக்கும் ஓர் அர்த்தம் வந்துவிடும், பெரியவருக்கும் மனசு ஆறிவிடும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் அடித்தது. சோடாபுட்டி. போன் அடித்தால் தேறியாயிற்று என்பதுதானே சட்டம்? நெட்டை துள்ளி எழுந்தார். மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"நாளைக்குக் கடுதாசி வரும்," என்றார் சோடாபுட்டி. "அதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும்னு தோணுச்சு. இல்லடா."

"இல்லன்னா?"

"வரல. முதல்ல பதினொண்ணாவது இடத்துல இருந்த. ஏழை எடுத்ததும் ஒம்பதாவது. நாற்காலி ஆறுதான். நான் சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அங்க ஏழுக்குப் பதிலா ஒம்பதே இருந்திருந்தாலும் நீ எட்டாவது ஆளு."

"அப்போ யாருடா என்னைக் கெடுத்தது?"

"யாரும் கெடுக்கல. உனக்கு முன்னால எட்டுப் பேரு இருந்தாங்க. அவங்களும் நல்லவங்கதான். அவ்வளவுதான்டா விஷயம்."

நெட்டை போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் எப்போதோ வைத்துவிட்டார்கள். யாரும் கெடுக்கவில்லை. கரடி இல்லை, மாமா இல்லை. இத்தனை வருஷம் யார் யாரையோ கூண்டில் ஏற்றியாயிற்று. கூண்டு காலியாக இருந்தது. காலியாகவா இருந்தது? ஒரு கிழவரைப் பதக்கங்களோடு கூட்டிப்போய்ப் பச்சைத் துணி மேசை முன்னால் நிறுத்தியது யார்? போனை வைத்தார்.

பெரியவர் கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் மறைக்க முடியாது. தோளில் ஏறாத பதவியை எப்படி மறைப்பது?

"வரல மாமா," என்றார் நெட்டை. எதிரே போய் உட்கார்ந்தார். பல மாசம் கழித்து அன்றுதான் அவர் முகத்தை நேராகப் பார்த்தார். "ஏழு இல்லாட்டியும் வந்திருக்காதாம். உங்களால இல்ல. எதுவுமே உங்களால இல்ல. மன்னிச்சிடுங்க மாமா. அந்தக் கடிதம்... சும்மாவே போச்சு."

இதைக் கேட்டால் பெரியவருக்குப் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தார். பெரியவர் முகத்தில் அப்படி எதுவும் இறங்கவில்லை. மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"கடிதம் போனதைப் பத்தி விடுங்க, மாப்பிள்ளை," என்றார் கடைசியில். கோபம் இல்லை. ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார். "எழுதி மேசையில வெச்சேன் இல்ல, அன்னிக்கு... நீங்க அதை வாங்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

பட்டியலில் பெயர் இல்லாதபோது, கரடியின் ஒன்பதைக் கேட்டபோது, ஏழு என்று தெரிந்தபோது, அப்போதெல்லாம் விழாத இடி இப்போது நெட்டையின் தலையில் விழுந்தது. பெரியவர் எழுந்து, செய்தித்தாளை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். மனைவி அந்தத் தண்ணீரை எடுத்துக் கணவன் முன்னால் வைக்கவில்லை. உள்ளே கொண்டுபோய்விட்டாள்.